முதலில் தண்ணீரில் இறங்கியவர்

செய்தி வந்தபோது நான் அவலூர்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் ஏணி மேல் நின்று சீரியல் விளக்கு கட்டிக்கொண்டிருந்தேன். போனில் ஏழுமலை. செஞ்சியில் கொத்தனார் வேலை செய்கிறவன். எங்கள் அம்மன் கோயில் தெப்பத்துக்குக் கயிறு இழுக்கிறவர்களுக்குத் தலைவன். "அக்கா, தணிகாசலம் அண்ணன் பூட்டாருக்கா" என்றான். என் வாயில் முதலில் வந்தது திட்டுதான். காலையிலேயே குடித்துவிட்டு உளறுகிறாயா என்று கேட்டுவிட்டேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அவன் அழுவது மட்டும் கேட்டது.

பல் விளக்கிவிட்டு வந்து உட்கார்ந்தவர், மார்பைப் பிடித்துக்கொண்டு மனைவியிடம் தண்ணீர் கேட்டிருக்கிறார். அம்சா அக்கா சொம்போடு வருவதற்குள் சுவரில் சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்து, பார்த்துவிட்டு, வெறுமனே திரும்பிப் போனது. நான் போய்ச் சேர்ந்தபோது நடுவீட்டில் படுக்க வைத்திருந்தார்கள். சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நம் தொழில்காரர்கள் கூட்டிய இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னீர்கள். எழுந்து மைக்கைப் பிடித்தேன். ஊருக்கெல்லாம் மைக் செட் போடுகிறவள் மைக் முன்னால் ஊமையாக நின்றதை எல்லோரும் பார்த்தீர்கள். அதனால்தான் எழுதித் தருகிறேன். பந்தல் போடுகிறவர், ஜெனரேட்டர் விடுகிறவர், லைட் கட்டுகிறவர் எல்லோரும் அவரோடு வேலை செய்தவர்கள்தான். அவரிடம் திட்டு வாங்காதவர் உங்களில் ஒருவராவது இருந்தால் ஆச்சரியம்.

என் நைனா இறந்து மைக் செட் கடை என் கைக்கு வந்த வருடம், பொம்பளை நடத்துகிற கடைக்கு யார் வேலைக்கு வருவார் என்று பலர் பேசினார்கள். வயர்மேன் தணிகாசலம் அண்ணன் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காரியம் முடிந்த மறுநாள் காலையில் வந்து, ஒயர் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, "முதலாளியம்மா, இன்னிக்கி எங்க வேல?" என்று கேட்டார். அந்த முதலாளியம்மா கிண்டல்தான். ஆனால் அந்தக் கிண்டலைப் பிடித்துக்கொண்டுதான் நான் கடையைத் திறந்தேன். அதற்குப் பிறகு எனக்கு அவர் அண்ணன்.

ஊரில் அவருக்கு எர்த் தணிகாசலம் என்று பெயர். செஞ்சியில் நல்ல எர்த் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கே தோண்டினாலும் கடப்பாரை கல்லில் போய் இடிக்கும். மெஷினில் கசிகிற கரண்ட் ஆள்மேல் பாயாமல் மண்ணுக்குள் போய் ஒழிய வேண்டும். மண்ணில் ஈரம் இருந்தால்தான் அது போகும். அதற்காக ஊரெல்லாம் ஈரமான இடத்தைத் தேடி அலைந்தவர் அவர். கரியும் உப்பும் கொட்டிக் குழி மூடிவிட்டு அத்தோடு விடமாட்டார். சித்திரை வெயிலில் தான் வயரிங் செய்த வீடுகளுக்குக் கேட்காமலே நுழைந்து, ஒரு குடம் தண்ணீரை எர்த் குழியில் ஊற்றிவிட்டு வருவார். குடிக்கத் தண்ணீர் இல்லாத நாளில் குழிக்கு ஊற்றுகிறானே என்று பெண்கள் கத்தியிருக்கிறார்கள். அவர் காலிக் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

தளவானூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் மாவரைக்கும் கிரைண்டரைத் தொட்டால் சுருக்கென்றது. சமையல்காரர் காலுக்கு அடியில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு அரைக்கத் தயாராகிவிட்டார். அண்ணன் ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடப்பாரையைத் தேடப் போனார். "மாவு அரைக்கலன்னா காலைல இட்லிக்கு யார்யா பதில் சொல்றது?" என்று சமையல்காரர் குதித்தார். "துன்றதுக்கு ஆளு உசுரோட இருக்கணும்ல. மொதல்ல அத்த பாப்போம்" என்றார் அண்ணன். அன்றைக்குப் பெண் வீட்டார் உப்புமாதான் போட்டார்கள். சம்பந்திகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சாப்பிட்டதை ஓரமாக நின்று பார்த்தவள் நான்.

இவ்வளவு கெட்டிக்காரர் ஒரு தப்பு செய்தார். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது. அவரே மறைக்காததை நான் மறைக்க வேண்டியதில்லை.

அம்மன் கோயில் தெப்பத்துக்கு அதுவரை இரும்பு டிரம்களைக் கட்டித்தான் மிதக்க விடுவார்கள். அந்த வருடம் உபயதாரர் ஒருவர் கடற்கரைப் பக்கமிருந்து இரண்டு பழைய ஃபைபர் படகுகளை வாங்கி லாரியில் ஏற்றிவந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, மேலே பலகை அடித்தோம். ஜெனரேட்டர் சத்தம் நாதஸ்வரத்தை அமுக்குகிறது என்பதால் விளக்குக்குப் பேட்டரி வைப்பதென்று முடிவாயிற்று. பேட்டரிகளைத் தினமும் தூக்கிக்கொண்டு படியேற முடியாது என்று சார்ஜரும் படகிலேயே ஒரு மரப்பெட்டிக்குள் உட்கார்ந்தது. குளக்கரை மண்டபத்துப் பிளக்கிலிருந்து ஒயர் இழுத்து, தெப்பம் கரையில் நிற்கும்போதெல்லாம் சார்ஜ் ஏற்றிக்கொள்ள வேண்டியது. செஞ்சியில் இருக்கிற எங்களுக்குப் படகைப் பற்றி என்ன தெரியும்? லைட் கட்டுகிற இடம் மிதக்கிறது, அவ்வளவுதான்.

சார்ஜருக்கு எர்த் வேண்டுமே என்று வந்தபோது அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. ஆயுசு முழுக்க ஈரத்தைத் தேடிக் கல்லில் குத்திக்கொண்டிருந்த மனிதர். கண் முன்னால் ஒரு குளமே கிடந்தது. பச்சை ஒயரின் நுனியில் ஒரு செப்புத் தகட்டை முறுக்கி, படகின் ஓரத்திலிருந்து தண்ணீருக்குள் இறக்கினார். "இந்த மாதிரி எர்த்து செஞ்சியில எவனுக்குக் கெடைக்கும், சொல்லு?" என்றார். பார்த்த நாங்கள் எல்லோரும் தலையை ஆட்டினோம். தண்ணீரைவிட ஈரமான இடம் ஏது?

முதல் நாள் சாயங்காலம் பிரச்சினை இல்லாமல் போனது. இரண்டாம் நாள் பூ அலங்காரத்துக்குத் தெளித்த தண்ணீர் பலகை இடுக்கு வழியாகச் சொட்டிச் சொட்டிச் சார்ஜர் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. வெளிச்சம் மங்குகிற நேரம், அம்மனை இன்னும் ஏற்றவில்லை. சிக்கலெடுக்க ஏழுமலையும் நாலைந்து பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை சிரித்துக்கொண்டே கத்தினான்: "இன்னாடா இது, காலெல்லாம் குறுகுறுங்குது. மீனு கடிக்குது போல!" கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். படகுக் கிட்டே போகப் போக அதிகமாகக் கடிக்கிறது என்றான். அதற்கும் சிரித்தார்கள்.

அண்ணன் சிரிக்கவில்லை. கையிலிருந்த டீயை அப்படியே கீழே போட்டுவிட்டு மண்டபத்துக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. பிளக்கைப் பிடுங்கினார். "குறுகுறுப்பு நின்னுபோச்சே" என்று தண்ணீரிலிருந்து ஏழுமலை சொன்னான். அண்ணன் பிளக் இருந்த தூணைப் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில் போனேன். "மண்ணுக்குள்ள ஆளு நிக்க மாட்டான்மா, தண்ணிக்குள்ள நிக்கிறான்" என்றார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சார்ஜரில் கசிந்த கரண்டுக்கு அவர் வழி காட்டியிருந்தார்; அந்த வழியில்தான் ஏழுமலை நின்றுகொண்டிருந்தான்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிளக்கைப் பிடுங்கியாயிற்று. தகட்டை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டு, சார்ஜர் ரிப்பேர் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவர் நேராக மேடைக்குப் போய், உபயதாரர் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தவரிடமிருந்து மைக்கை வாங்கினார். என் மைக்தான். "எல்லாரும் தண்ணிய வுட்டு மேல ஏறுங்க. சார்ஜருக்கு எர்த்த கொளத்துல வுட்டது நான்தான். தண்ணியில கரண்டு இருந்துது. தப்பு என்னுது, வேற யாரையும் திட்டாதீங்க" என்றார். குளக்கரையில் ஒரே நேரத்தில் எல்லோரும் கத்த ஆரம்பித்தார்கள்.

அன்றைக்கு அம்மன் தீவட்டி வெளிச்சத்தில்தான் குளத்தைச் சுற்றி வந்தாள். பேட்டரி விளக்கைக்கூடப் போட வேண்டாம் என்று அண்ணன் கழற்றிவிட்டார். தன் கைவேலை எதையும் அவர் அன்றைக்கு நம்பவில்லை. எனக்கு அவர்மேல் பயங்கரக் கோபம். "கரண்ட்டை நிறுத்திட்டீங்க, சரி. மைக்ல எதுக்குண்ணே சொல்லணும்? ஊரே கேட்டுது" என்று சண்டை போட்டேன். "ஊரு கேக்கணும்னுதான்மா சொன்னேன். அடுத்த வருசம் வேற ஒருத்தன் வருவான். அவனும் இதே வேலையத்தான் செய்வான். இவ்ளோ தண்ணியப் பாத்தா எவனுக்கும் இந்த புத்திதான் வரும்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அவர் வீட்டு அடுப்பு என்னாகும் என்றுதான் எனக்குக் கவலை.

நான் பயந்தபடிதான் நடந்தது. அதற்குப் பிறகு குளத்துக்குக் கரண்ட் கொடுத்தவன் என்று பேர் வந்தது. டீக்கடையில் அவர் நுழைந்தால், "அண்ணன் வந்துட்டாரு, கால தூக்கிக்கோ" என்பான் ஒருவன். வழக்கமாகக் கூப்பிடுகிற மண்டபக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். அவர் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிய வீடுகளில்கூட வேறு வயர்மேனைக் கூட்டிவந்து எர்த்தைச் சோதித்தார்கள். அதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. அவர் என் கடை வேலைக்கு மட்டும் வந்தார். முன்பெல்லாம் ஒரு தடவை பார்க்கிற இணைப்பை மூன்று தடவை பார்த்தார். வேலை செய்யும்போது விசிலடிக்கிற பழக்கம் நின்றுபோனது.

ஒருநாள் சொல்லாமல் பஸ் ஏறிக் கடற்கரைக்குப் போய்விட்டார். அந்தப் படகுகள் வந்த இடத்தைத் தேடிப்பிடித்து, படகுக்குக் கரண்ட் வேலை செய்கிறவர்களோடு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். திரும்பி வந்தவர் கையில் கருவாட்டுப் பொட்டலம், முகத்தில் பழைய களை கொஞ்சம். "கடல்காரன்கிட்ட 'படகுக்கு எர்த்து எங்க'ன்னு கேட்டேன். அவன் கரைய காட்டுறாம்மா" என்றார். மூன்று கம்பி ஒயர் போட வேண்டும். எர்த் கம்பி கரண்ட் வந்த வழியாகவே கரைக்குத் திரும்பிப்போய், கரையில் இருக்கிற குழியில் இறங்க வேண்டும். தண்ணீருக்குள் எதையும் விடக் கூடாது. கரையில் இருக்கிற சுவிட்ச் போர்டில், துளி கசிந்தாலும் உடனே விழுந்து கரண்டை நிறுத்துகிற பிரேக்கர் இருக்க வேண்டும். இதையெல்லாம் கருவாட்டை மடியில் வைத்துக்கொண்டே எனக்கு விளக்கினார். கடையெல்லாம் நாற்றம். நான் அன்றைக்குத் திட்டவில்லை.

அடுத்த மாசி வந்தது. தெப்ப வேலைக்கு வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவரப் பேசினார்கள். அப்போது ஏழுமலை கோயில் வாசலில் வந்து நின்றுகொண்டு சொன்னான்: "தப்ப ஒத்துக்கினவரு கையில வுட்டாதான் நாங்க தண்ணியில எறங்குவோம். இல்லன்னா நீங்களே இழுத்துக்குங்க." கயிறு இழுக்கிற அத்தனை பேரும் அவன் பின்னால் நின்றார்கள். அவர்கள் இழுக்காவிட்டால் தெப்பம் இல்லை. இதை நான் போய்ச் சொன்னபோது அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் வெளியே போய் நின்றேன்.

மண்டபத்துக்குப் பின்னால் புதிதாகக் குழி தோண்டினார். பாறைதான், உளி வைத்து உடைத்தார். சார்ஜர் பெட்டி தண்ணீர் எட்டாத உயரத்துக்குப் போனது. பெட்டியின் இரும்பு, பேட்டரித் தட்டு, விளக்குக் கம்பம் எல்லாவற்றையும் பச்சை ஒயரால் ஒன்றாகக் கட்டிக் கரைக்குக் கொண்டுவந்தார். மீட்டரை வைத்துப் பார்த்தார், பிரேக்கரை விழவைத்துப் பார்த்தார். அம்மனை ஏற்றும் முன் கரையிலிருந்து வரும் ஒயரையே கழற்றிவிட வேண்டும், அதன் பிறகுதான் ஆட்கள் இறங்க வேண்டும் என்றும் சொன்னார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "நான் எறங்குறேன். சுவிட்ச்ச நீ போடு."

நான் மறுத்தேன். ஒயரைக் கழற்றிய பிறகுதானே அவர்கள் இறங்கப்போகிறார்கள், மீட்டர்தான் சொல்லிவிட்டதே, பிறகு எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டேன். "என்னிக்காவது ஒருநாள் எவனாவது கழட்ட மறந்துடுவான். அன்னிக்கும் ஒண்ணும் ஆவக்கூடாது. மீட்டரு சொல்றது எனக்கு. நான் எறங்குறது அவங்களுக்கு" என்றார். படிகளில் கயிறு இழுக்கிறவர்களின் அம்மாக்களும் பெண்டாட்டிகளும் நின்றிருந்தார்கள். அவர் படகை ஒட்டி மார்பளவுத் தண்ணீரில் நின்று, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் சுவிட்சைப் போட்டேன். அவர் குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாசியிலும் இதுதான். அவர் தண்ணீரில், நான் சுவிட்சில். நாளாவட்டத்தில் ஊர் பழைய பேரை மறந்தது, மண்டபக்காரர்கள் திரும்பி வந்தார்கள், டீக்கடைக் கிண்டல் ஓய்ந்தது. அவர் மட்டும் மறக்கவில்லை. போன வருடம் முட்டி வலியால் படியிறங்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. "போதும்ணே, இனிமே ஊரு நம்பும்" என்றேன். "ஊரு நம்பிட்டுதும்மா. நான் இன்னும் நம்பல" என்றார்.

இந்த வருடம் தெப்பத்துக்கு முன்பே போய்விட்டார்.

தெப்பத்தன்று சாயங்காலம் அவர் வைத்த முறைப்படியே ஒயர் இழுத்தேன். மீட்டர் வைத்தேன், பிரேக்கரை விழவைத்தேன். படியில் ஏழுமலை கயிற்றோடு நின்றான். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சுவிட்ச் முன்னால் நிறுத்தினேன். "நான் தலையாட்டினதும் போடு" என்றேன். "அக்கா, வேணாங்கா" என்றான். "நானும் அப்டிதான்டா சொன்னேன், அண்ணன் கேட்டாரா?" என்று சொல்லிவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

மாசிக் குளம் பனிக்கட்டிபோலக் குளிர்ந்தது. படகை ஒட்டிப் போய் நின்றேன். மீட்டர் பார்த்தவள் நான்தான், எல்லாம் சரியாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இருந்தும் பயமாக இருந்தது. இந்தப் பயத்தோடுதான் அவர் வருடா வருடம் நின்றிருக்கிறார், நின்றபடி என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அண்ணா என்று வாய்விட்டு அழுதுவிட்டேன். பிறகு தலையசைத்தேன். ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டான். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

ஏறிவந்து துண்டால் துடைத்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. திரையில் தணிகாசலம் அண்ணன் என்று வந்தது. எடுத்தேன். அவர் போனிலிருந்து அம்சா அக்கா. துக்க வீடு என்பதால் கோயில் பக்கம் வரவில்லை.

"ஏறிட்டியாம்மா?" என்றது அந்த அக்கா.

எனக்குப் புரியவில்லை. யார் சொன்னது நான் இறங்கினேன் என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. நீ எறங்குவன்னு எனக்குத் தெரியாதா? வருசா வருசம் தண்ணிய வுட்டு ஏறினதும் அது எனக்கு போன் பண்ணும். 'ஏறிட்டேன்'னு ஒரே வார்த்த சொல்லிட்டு வச்சிடும். நான் அதுவரைக்கும் போன் பக்கத்துலயே குந்தினு இருப்பேன். இன்னிக்கும் குந்தினு இருந்தேன். நேரம் ஆயிட்டுது, மனசு கேக்கல. ஏறிட்டியா?"

இத்தனை வருடம் பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியாது. சட்டையை மாட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் போவார். பீடி பிடிக்கப் போகிறார் என்று நினைத்திருக்கிறேன்.

நண்பர்களே, அவருடைய டெஸ்டரை அம்சா அக்கா எனக்குத் தர வந்தது. நான் வாங்கவில்லை, அது அவர் வீட்டில் இருக்கட்டும். நான் எடுத்துக்கொண்டது அவருடைய பயத்தை. இனி ஒவ்வொரு மாசியிலும் அதோடுதான் தண்ணீரில் நிற்பேன். மேலே வந்ததும் அந்த அக்காவுக்கு நானே முதலில் போன் செய்வேன்.

அன்றைக்கு ஈரப் புடவையோடு நின்று, "ஏறிட்டேங்கா" என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. அந்த அக்கா போனை வைத்துவிட்டது.